பருப்பு வேகும் நேரத்தில் ஒரு பக்கம்

"எனக்கென்ன இருக்கு எழுத? காலையில எழுந்தேன், காபி போட்டேன், சமைச்சேன், துணி மடிச்சேன், படுத்தேன். இதைப் போய் யாராவது எழுதி வைப்பாங்களா?"

நான் தினமும் ஒரு நோட்டில் பழைய நினைவுகளை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் பெண்கள் என்னிடம் சொல்வது இதைத்தான். கோயில் பிராகாரத்தில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து சொல்கிறார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள், "எங்க மாமியார் ஒருத்தங்க இருந்தாங்களே..." என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஒரு கதை சொல்லிவிடுகிறார்கள்! சகோதரிகளே, அந்த அரை மணி நேரக் கதையைத்தான் எழுதி வையுங்கள் என்கிறேன். வேறொன்றும் இல்லை.

சுயசரிதை என்றாலே நமக்குப் பெரிய மனிதர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். டாக்டர் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக் கொண்டிருந்தது. 1942-ல் அவர் மறைந்தபோது அது முடியாமலே நின்றுபோயிற்று. (இன்னும் பத்து வருஷம் முன்னால் ஆரம்பித்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.) புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துப்பாஷி உத்தியோகம், பிரெஞ்சுக்காரர்களோடு பழக்கம், கப்பல், யுத்தம் என்று எழுத அவருக்கு ஆயிரம் விஷயம் இருந்தது. "அவங்க எழுதலாம், அடுப்படியில இருக்கிற நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள்.

அடுப்படியிலிருந்தே எழுதிய ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். வங்காளத்து ராசசுந்தரி தேவி. பன்னிரண்டு வயதில் கல்யாணம், அப்புறம் பன்னிரண்டு குழந்தைகள். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். அந்த அம்மாள் வீட்டிலிருந்த 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஓர் ஏட்டை உருவி எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்தாராம். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எழுத்தும் இந்த எழுத்தும் ஒன்றா என்று பார்த்துப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் படிக்கக் கற்றார். எழுதக் கற்றது அதற்கும் பல வருஷம் கழித்து. 1876-ல் வெளியான அவருடைய 'அமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', வங்க மொழியின் முதல் சுயசரிதை என்று மதிக்கப்படுகிறது. சமையல், பிள்ளைப்பேறு, பசியோடு காத்திருந்த வேளைகள் - இவைதான் அதில் இருக்கின்றன. நம் விஷயங்கள்தானே?

குக்கர்தான் கடிகாரம்

நான் 2017 ஆடி மாதத்தில் ஆரம்பித்தேன். முறை ரொம்ப எளிது. துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு, சமையலறை மேடை ஓரத்தில் நோட்டைத் திறப்பேன். ஐந்து விசில் வரும்வரை, சுமார் பத்து நிமிஷம், கையை நிறுத்தாமல் எழுதுவேன். அடிப்பது, திருத்துவது கிடையாது. சந்திப்பிழை பார்ப்பது கிடையாது. ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டு போக வேண்டும். அடுப்பை அணைத்ததும் நோட்டை மூடிவிடுவேன். அன்றைக்கு எழுதியதை அன்றைக்கே படிப்பதும் இல்லை.

இது நான் கண்டுபிடித்ததில்லை. டொரோத்தியா பிராண்ட் என்கிற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1934-லேயே, தூங்கி எழுந்தவுடன் யாரிடமும் பேசாமல், எதையும் படிக்காமல் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் நடக்கிற காரியமா? பால்காரர் மணி அடிப்பார், பையன் சாக்ஸைத் தேடுவான்! பீட்டர் எல்போ என்ற கல்லூரி ஆசிரியர் 1973-ல் எழுதிய புத்தகத்தில், பத்து நிமிஷம் நிறுத்தாமல் எழுது, எதற்கும் திரும்பிப் பார்க்காதே என்கிறார். எனக்கு ஒத்துவந்தது இந்தப் பத்து நிமிஷம்தான்.

ஏன் நிறுத்தக் கூடாது? நாம் எல்லாரும் மனதுக்குள் ஒரு நாத்தனாரை வைத்திருக்கிறோம். "இதையெல்லாமா எழுதுவே? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று கேட்கிற நாத்தனார். கை ஓடிக்கொண்டிருந்தால் அவளுக்குக் கேள்வி கேட்க அவகாசம் கிடைப்பதில்லை.

இன்னொரு விஷயம். "என் இளமைப் பருவம்" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தால் பள்ளிக்கூடக் கட்டுரைதான் வரும். "நான் இன்ன வருஷம், இன்ன ஊரில் பிறந்தேன்" என்று நாலு வரியோடு நின்றுவிடும். பெரிய தலைப்பு வேண்டாம். ஒரு சாமான் பெயரை எழுதுங்கள். அரிவாள்மணை. ரேஷன் கார்டு. பித்தளை டிபன் கேரியர். பெருங்காய டப்பா. வாசனை இருக்கிற சாமான் என்றால் இன்னும் விசேஷம். மற்ற புலன்களைப் போலச் சுற்றி வராமல், வாசனை மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்குக் கிட்டத்தட்ட நேர்வழியில் போய்ச் சேருகிறது. தாழம்பூ வாசனை வந்தால் சடை தைத்துவிட்ட கை ஞாபகத்துக்கு வருவது அதனால்தான்.

என் முதல் நோட்டின் ஆறாவது பக்கத்தை அப்படியே தருகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் உங்களுக்காகத் திருத்தியிருக்கிறேன்.

"ஊதுகுழல். பித்தளை இல்ல, இரும்பு. ஒரு முனை நசுங்கி இருக்கும். அத்தை ஊதினா ரெண்டு கன்னமும் உப்பும். புகை. ஈர விறகு. அத்தை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருப்பாங்க, அழறாங்களா புகையான்னு தெரியாது. ஒண்ணும் தோணலை. ஒண்ணும் தோணலை. ரெண்டு விசில் ஆச்சு. கரி. ஆமா, கரி. அத்தை கரித்துண்டால தரையில எழுதினாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன? கைதான் எழுதியது, நான் நினைத்து எழுதவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அது என் ஞாபகத்திலேயே இல்லை!

அத்தை

அவர் அப்பாவின் அக்கா. பதினான்கு வயதில் கல்யாணம், பதினேழு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டு அடுப்பு நாற்பது வருஷம் அவர் கையில்தான் இருந்தது. 1986-ல் காலமானார். அதற்கப்புறம் குடும்பத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வாக்கியம்தான். "பாவம், ரசம் நல்லா வைப்பாங்க." அறுபத்து சொச்சம் வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு மிஞ்சியது அந்த ஒரு ரசம்!

மறுநாளும் "கரி" என்று எழுதினேன். அதற்கு மறுநாளும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1979, எனக்குப் பதினாலு வயது. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிடுவார். "என் பேரை எழுதிக் காட்டுடி" என்பார். அவர் பெயரில் நாலே எழுத்து. மூன்றாவது எழுத்தில் ஒரு சுழி. அந்தச் சுழிதான் அவரைப் படுத்தி எடுத்தது. எழுதுவார், ஈரத் துணியால் துடைப்பார், மறுபடி எழுதுவார். அப்பா வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் தரை சுத்தமாகிவிடும். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, வேறெதையோ நினைத்து "ட்ரங்குப் பெட்டி" என்று ஆரம்பித்தேன். அண்ணன் மெட்ராஸுக்குப் படிக்கப் போன நாள் வந்தது. பச்சைப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் அவன் பெயர். எழுதிக்கொண்டே போகையில், "அதுக்கு முந்தின வாரம் அப்பாவும் அத்தையும் பஸ்ஸில டவுனுக்குப் போனாங்க. அத்தை டவுனுக்குப் போனதே அந்த ஒரு தடவைதான்" என்று ஒரு வரி விழுந்தது.

அன்றைக்கு அந்தப் பக்கத்தையும் கரிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உடனே அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அப்போது அம்மாவுக்கு எண்பது வயது.

"காசுமாலையை அடகு வச்சுத்தான் உங்கண்ணனுக்கு ஃபீஸ் கட்டினோம்" என்றார் அம்மா, ஏதோ நேற்று நடந்ததுபோல. "அவங்க கல்யாணத்துக்குப் போட்ட மாலை. தர்றேன்னுட்டாங்க. ஆனா பேங்க்ல போய்க் கைநாட்டு மட்டும் வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். கையெழுத்துப் போடறேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு கடைசி நாள் வரைக்கும் இழுத்தாங்க. உங்கப்பாவுக்குக் கோபமான கோபம்."

"மாலையை மீட்டீங்களா?"

"எங்கேர்ந்து மீட்கிறது? புயல்ல போன வீட்டுக் கடனே அடையலையே."

1977 நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு வந்த நாகப்பட்டினம் புயலைத்தான் சொன்னார். எங்கள் ஓட்டு வீட்டின் பாதிக் கூரை அந்த ராத்திரியில் போய்விட்டது. தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாலை ஏலத்துக்குப் போய்விட்டது. அத்தை அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கவே இல்லையாம்.

2020-க்குப் பிறகு அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது. இன்று அத்தையைப் பற்றிக் கேட்டால், "எந்த அத்தை?" என்கிறார். உங்கள் வீட்டில் எண்பது வயதில் யாராவது இருந்தால், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு முதலில் அவரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். மீதியை அப்புறம் படித்துக் கொள்ளலாம். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்பார்கள். "உங்க கல்யாணத்துக்கு என்ன புடவை எடுத்தாங்க? யாரு எடுத்தாங்க?" என்று கேட்டால்தான் பேச்சு வரும்.

எழுதினால் வருகிற சண்டை

இதை எழுதினால் குடும்பத்தில் பிரச்சினை வராதா? வரும். எனக்கும் வந்தது.

அந்தப் பக்கங்களை ஃபோட்டோ எடுத்துப் பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. "அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு. இப்பப் போய் அக்கா நகையைப் பிடுங்கினார்னு எழுதணுமா? கிழிச்சுப் போடு" என்றான்.

"பிடுங்கினார்னு நான் எழுதலை அண்ணா. அம்மா சொன்னதை எழுதினேன். உனக்கு வேற மாதிரி தெரியும்னா நீயும் எழுதிக் குடு. பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறேன்" என்றேன்.

கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவைக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்தால் அத்தை மறுபடி ரசம் வைக்கப் போய்விடுவார். ஒரு மாதம் எங்கள் பேச்சு "சௌக்கியமா", "சௌக்கியம்" என்பதோடு நின்றது.

அப்புறம் ஒரு தபால் வந்தது. அண்ணன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். விஷயம் அவனுக்குத் தெரியும். படிப்பு முடிகிற வருஷம் அப்பாவே சொல்லி அழுதிருக்கிறார். முதல் சம்பளத்தில் மாலையை மீட்கலாம் என்று அண்ணன் அந்த பேங்குக்குப் போனபோது ஏலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. கூடவே ஒரு ஜெராக்ஸ் வைத்திருந்தான். அப்பாவின் காகிதக் கட்டிலிருந்து எடுத்து, தன் சர்டிபிகேட் ஃபைலிலேயே இத்தனை வருஷமும் வைத்திருந்த நகைக்கடன் சீட்டு. அடியில் அத்தையின் கையெழுத்து. நாலு எழுத்தும் கோணல் மாணலாக, ஆனால் மூன்றாவது எழுத்தின் சுழி மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது.

அம்மா, மாலையில் பதினாறு காசு என்றார். அண்ணன் இருபத்தொன்று என்கிறான். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ஞாபகம் என்பது பெட்டியில் வைத்த பட்டுப் புடவை மாதிரி அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கும் சமாசாரம் இல்லை. எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மனம் அதைக் கொஞ்சம் புதிதாக நெய்துதான் கொடுக்கிறது என்று உளவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஆகவே "எனக்கு ஞாபகம் இருக்கிறபடி" என்ற இரண்டு மூன்று வார்த்தையைத் தாராளமாகப் போடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. நான் இரண்டு விதமாக வைத்திருக்கிறேன். நினைவுகளுக்குக் கோடு போட்ட நோட்டு. கோபத்துக்கு உதிரித் தாள். உதிரித் தாளில் எழுதியது அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். யார் யாரைத் திட்டியிருக்கிறேன் என்பது எனக்கும் குப்பைத் தொட்டிக்கும்தான் தெரியும்!

எழுதினால் உடம்புக்கு நல்லதா?

இதற்கும் ஆராய்ச்சி உண்டு. 1986-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர், சக ஆராய்ச்சியாளர் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார். சிலருக்குச் சாதாரண விஷயம், சிலருக்கு மனதை வருத்திய அனுபவம். வேதனையான நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே உடம்பு சரியில்லை என்று வைத்தியரிடம் போனார்களாம். ஆனால் எழுதிய அன்றைக்கு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போயிற்று. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேல் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான், எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் மொத்தத்தில் தெரிவது. ஆகவே எழுதினால் சர்க்கரை இறங்கும், முழங்கால் வலி போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில நாள் எழுதி முடித்ததும் அழுகை வரும். எனக்கு வந்திருக்கிறது. முகம் கழுவிக்கொண்டு, ஒரு வாய் மோர் குடித்துவிட்டு, வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத விஷயம் என்றால் அதைத் தனியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்குத் துணை வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரும் வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் எழுத உட்கார்ந்தால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததே திரும்பத் திரும்ப வரும். இது எல்லாருக்கும் பொதுவானதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறதே என்று கவலைப்படாதீர்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு

"பத்து நிமிஷமா? குளிக்கவே நேரம் இல்லை" என்கிறாள் என் மருமகள். நியாயம்தான். அவளுக்கு மூன்று வரி போதும் என்று சொன்னேன். குழந்தை மடியில் தூங்கும்போது, இப்போதுதான் வந்துவிட்டதே, செல்ஃபோனில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஃபோன் போனால் எல்லாம் போச்சு, நோட்டு இருக்கும்.

முதல் பல், முதல் சோறு, எடை இதெல்லாம் குழந்தையின் ஃபைலில் இருக்கட்டும். இந்த மூன்று வரியில் உங்களை எழுதுங்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தெருவில் என்ன சத்தம் கேட்டது, யார் மேல் கோபம் வந்தது, எந்தப் பாட்டை முணுமுணுத்தீர்கள், எதைச் சாப்பிட ஆசையாக இருந்தது. பதினைந்து வருஷம் கழித்து உங்கள் பெண் அதைப் படித்து, "அம்மா, நீ இப்படியெல்லாம் இருந்தியா?" என்பாள்.

ஒன்று முக்கியம். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அது இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், தூக்கமே வராவிட்டால், உங்களுக்கோ குழந்தைக்கோ கெடுதல் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், நோட்டை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் பெரியவர்கள் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொன்னாலும் போங்கள்.

சாமான் செலவைக் கேட்டீர்களானால் ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மசி ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கலைந்துவிடும். சமையலறையில் தண்ணீருக்குப் பஞ்சமா? பால்பாயின்ட் மசி எண்ணெய் கலந்தது, அவ்வளவு சுலபத்தில் கலையாது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். மறுபக்கம் பிற்பாடு ஞாபகம் வருவதற்கும், அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு எழுதி அனுப்புவதற்கும் வேண்டியிருக்கும். தேதியைப் போட மறக்காதீர்கள்.

எதை எழுதி ஆரம்பிப்பது என்று திகைக்கிறவர்களுக்கு, நான் எழுதி நன்றாக ஓடிய சில சொற்களைத் தருகிறேன். மண்ணெண்ணெய் க்யூ. முதல் தாவணி. கிணற்று ராட்டினம். இன்லண்ட் லெட்டர். வாடகை வீட்டுக்கார அம்மாள். உடைந்த வளையல். மாமியார் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி. யாருக்கும் தெரியாமல் அழுத இடம். இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் முதல் வாரத்திலேயே தொட வேண்டாம். ஒரு நோட்டு தீர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பருப்போடு கொண்டைக்கடலையையும் சேர்த்து வைத்தால் இன்னும் நாலு விசில் கூடுதலாகக் கிடைக்கும்.